ஐந்து பேர், ஒரே தீவு, நான்கு இரவுகள்

கேள்வி: நான் மார்த்தாண்டம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் விடுப்பில் வருவார். அவருக்கு வயது 46. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். குழித்துறை ஆற்றில் நீந்திப் பழகியவன். மகளுக்கு 9 வயது. என் மாமியாருக்கு வயது 68, மூட்டு வலி உண்டு, பாஸ்போர்ட் இல்லை. மாமியார், நான், மகள் மூவருக்கும் நீச்சல் தெரியாது. கணவர் ஓரளவு நீந்துவார். ஏதாவது ஒரு தீவுக்கு ஒரு வாரம் போய்வர நினைக்கிறோம். ஒரு முகவர் அந்தமானுக்கு ஐந்து இரவுத் திட்டம் ஒன்றைத் தந்திருக்கிறார். அதில் மூன்று தீவுகளும் பதினொரு இடங்களும் ஆறு நீர் விளையாட்டுகளும் அடங்கும். மகன் இலட்சத்தீவு என்கிறான். உறவினர்கள் மாலத்தீவு என்கிறார்கள். கணவரோ, எங்கேயாவது சும்மா இருந்தால் போதும் என்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாமா, தேர்வுகள் முடிந்து ஏப்ரல் 20-க்குப் பிறகு போகலாமா? எந்தத் தீவு எங்களுக்குப் பொருந்தும்?
- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது உங்கள் கணவரின் ஆசைதான். இரண்டு ஆண்டுகள் வெயிலில் நின்று உழைத்துவிட்டு வருகிறவர் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டும் என்று கேட்பதும் அதே அளவு நியாயமானது. இரண்டையும் ஒரே பயணத்தில் நிறைவேற்ற முடியும். அதற்கு ஊர் பார்க்கும் ஆசையைக் கைவிட்டு, ஒரே தீவில், ஒரே விடுதியில், பெட்டியை ஒரு முறை மட்டும் பிரித்துத் தங்க வேண்டும். என் பரிந்துரை இலட்சத்தீவின் அகத்தி தீவு, நான்கு இரவுகள், ஏப்ரல் 22 முதல் 30-க்குள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்; நீங்கள் குடும்பத்தாரோடு பேசி முடிவெடுக்க அது உதவும்.

முகவர் தந்த திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தமான் அழகில் எதற்கும் குறைந்த இடம் அன்று. ஹேவ்லாக் என்று நாம் பழகிய ஸ்வராஜ் தீவிலுள்ள ராதாநகர் கடற்கரையில் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து அங்கே போவதற்குத் திருவனந்தபுரம் சென்று, சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மீண்டும் பறந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில் இறங்க வேண்டும். அடுத்த நாள் விரைவுப் படகில் ஹேவ்லாக், அதற்கடுத்து நீல் தீவு, பிறகு மீண்டும் போர்ட் பிளேர் என்று ஐந்து இரவுகளுக்குள் மூன்று முறை பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு படகுத் துறையிலும் மூட்டு வலியுள்ள ஒரு பெரியவர் வரிசையில் நிற்பதையும், ஆடும் படகில் ஏறி இறங்குவதையும் நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, இந்திய நேரக் கணக்கில் அந்தமான் கிழக்கே வெகு தூரம் தள்ளியிருப்பதால், ஏப்ரலிலும் மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மதியம் படகில் வந்து இறங்கும் நாளில் கடலுக்கென்று மிஞ்சுவது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. பதினொரு இடங்கள் என்பது காகிதத்தில் நிறைவாகத் தெரிந்தாலும், அதில் பெரும் பகுதி வேனிலும் படகுத் துறையிலும் கழியும் நேரம்.

மாலத்தீவு நமக்கு விமானத்தில் மிக அருகில் இருக்கும் வெளிநாடு. திருவனந்தபுரத்திலிருந்து மாலே போவதற்கு, சென்னைக்குப் போவதைவிட அதிக நேரம் ஆகிவிடாது. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. இருந்தாலும் உங்கள் மாமியாருக்குப் பாஸ்போர்ட் இல்லை. எடுக்கலாம், காலமும் இருக்கிறது. என் தயக்கம் செலவைப் பற்றியது. அங்கே ஏறத்தாழ எல்லாமே டாலர் கணக்கு. பசுமை வரி என்று ஒன்று 2025 ஜனவரி முதல் இரட்டிப்பாகி, மக்கள் வாழும் தீவுகளில் ஐம்பது அறைகளுக்குக் குறைவான விடுதிகளில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலரும், ரிசார்ட்டுகளில் 12 டாலரும் வாங்குகிறார்கள். ஐந்து பேர் நான்கு இரவுகள் தங்கினால் அந்த வரி மட்டும் 120 அல்லது 240 டாலர். அதற்கு மேல் அறைக்கும் உணவுக்கும் சுற்றுலாச் சேவை வரி 17 சதவீதம். கணவன் மனைவி இருவர் மட்டும் போவதானால் நான் மாலத்தீவைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

இனி இலட்சத்தீவு. உங்கள் குடும்பத்தில் மூவருக்கு நீச்சல் தெரியாது என்பதே இந்த முடிவைத் தீர்மானிக்கிறது. அந்தத் தீவுகள் பவளப்பாறை வளையங்களின் மேல் அமைந்தவை. பெரும்பாலான தீவுகள் வளையத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக நீண்டு கிடக்க, மேற்கே பாறை விளிம்பு வரை ஆழம் குறைந்த, தெளிந்த நீர்ப்பரப்பு விரிந்திருக்கிறது. லகூன் என்று சொல்வது இதைத்தான். திறந்த கடலின் அலை அந்த வெளி விளிம்பில் மோதி உடைந்துவிடுகிறது. கரையில் நிற்கும் உங்களுக்கு அது தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகவும் இடைவிடாத இரைச்சலாகவும் மட்டுமே வந்து சேரும். முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் அலையைப் பார்த்து வளர்ந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு காலடி மணலையும் மீன் கூட்டத்தையும் பார்க்க முடிவது புது அனுபவமாக இருக்கும். நீந்தத் தெரியாதவர்கள் கடலுக்குள் நம்பிக்கையோடு இறங்க இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான நீர்ப்பரப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மினிக்காய் நீங்கலாக மற்றத் தீவுகளில் பேசப்படுவது மலையாளத்தின் ஒரு வழக்கு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பிறந்த உங்கள் மாமியாருக்கு மலையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதானவர்களைப் பயணத்தில் சோர்வடையச் செய்வது நடை மட்டுமல்ல, நாள் முழுவதும் யாரோடும் பேச முடியாமல் இருப்பதும்தான். விடுதியில் சமைக்கும் பெண்ணோடு தேங்காய் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிந்தால் அவருக்கும் அது விடுமுறையாகிவிடும்.

காலத்தைப் பற்றி. கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அறை வாடகையும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். அறைகள் குறைவாக உள்ள அகத்தியில் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பதே அரிது. மேலும் டிசம்பரில் உங்கள் மகனின் தலைக்கு மேல் பொதுத் தேர்வு தொங்கிக்கொண்டிருக்கும்; புத்தகப் பையோடு தீவுக்கு வரும் பிள்ளையால் யாருக்கும் ஓய்வு இருக்காது. இலட்சத்தீவின் பருவம் அக்டோபரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீடிக்கும். அதன்பின் தென்மேற்குப் பருவமழை கடலைக் கலக்கிவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் வெப்பம் கூடுதலாக இருந்தாலும், லகூன் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரமும் நிச்சயமின்மை கூடிக்கொண்டே போகும்.

இதே மாதங்களில்தான் கள்ளக்கடலும், அதாவது முன்னறிகுறி இல்லாமல் திடீரென உயர்ந்து கரையேறும் கடலும், வருகிறது என்பதை நம் மாவட்டத்தாருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே வீசும் புயல்களில் எழும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருவதால், இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் உயர்ந்துவிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. கேரளம், தென் தமிழ்நாடு ஆகியவற்றோடு இலட்சத்தீவுக்கும் அந்த எச்சரிக்கைகள் வருவதுண்டு. பயணத்துக்கு இரண்டு நாட்கள் முன்பிருந்தே அதைப் பார்த்துவாருங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் பாறை விளிம்புக்கும் படகுப் பயணத்துக்கும் போகாமல் விடுதிக்கு முன்னாலுள்ள மணலோடு நிறுத்திக்கொள்வதில் எந்த நட்டமும் இல்லை.

இலட்சத்தீவுக்குப் போக, இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி இது கட்டாயம்; அனுமதியில்லாமல் விமானத்திலோ கப்பலிலோ ஏற முடியாது. ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் அகத்தியில் அறையை உறுதிசெய்யுங்கள். தங்குமிடம் தருபவர் வழியாகவே அனுமதி விண்ணப்பம் செய்வதுதான் வழக்கம். ஐந்து பேருக்கும் அடையாள ஆவணம், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையச் சான்று கேட்கப்பட்டால் அதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், உங்கள் கணவர் ஊரில் இல்லாத நிலையில் அவருடைய ஆவணங்களை அவர் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறுபட்டால், விண்ணப்பத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுகிறீர்களோ அதே பெயரில் விமானச் சீட்டையும் எடுங்கள். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று மாறியதால் கடைசி நாளில் ஓடித்திரிந்த குடும்பங்கள் உண்டு. தேதி மாற்ற இடம் தரும் சீட்டாக எடுத்தால் அனுமதி தாமதமானாலும் பணம் முழுவதும் போய்விடாது.

கப்பலில் போகலாமா என்று உங்கள் மகன் கேட்பான். கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்துப் 14 முதல் 18 மணி நேரம் ஆகும் அந்தக் கடற்பயணம் பதினைந்து வயதுப் பையனுக்குச் சொர்க்கம்தான். ஆனால் பல தீவுகளில் கப்பல் ஆழ்கடலிலேயே நிற்கும்; கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். உங்கள் மாமியாரை அந்த இடத்தில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறிய விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்கும்போது இரு பக்கமும் கடலாக, நடுவில் ஓடுபாதை மட்டும் தெரியும். ஜன்னல் இருக்கையை மகளுக்குக் கொடுங்கள். சிறிய விமானம் என்பதால் பெட்டிகளின் எடைக்குக் கடுமையான வரம்பு உண்டு. சீட்டிலேயே அது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரிக்குப் போக, குழித்துறையில் அதிகாலைப் பரசுராம் ரயிலில் ஏறி ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கி, அன்றிரவு விமான நிலையத்துக்கு அருகில் தங்கிவிடுங்கள். வீட்டிலிருந்து இரவோடிரவாகக் காரில் கிளம்பி நேராக விமானம் ஏறும் திட்டம் வேண்டாம். முதல் நாளே எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். திரும்பும்போதும் கொச்சியில் ஓர் இரவு வைத்துக்கொண்டால், போக வர ஆறு இரவுகளில் உங்கள் ஒரு வாரம் சரியாக அமைந்துவிடும். மிக முக்கியமாக, இந்தப் பயணத்தின் முடிவுக்கும் உங்கள் கணவர் வளைகுடாவுக்குத் திரும்பும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஐந்து நாட்கள் இருக்க வேண்டும். தீவிலிருந்து கிளம்பும் சிறிய விமானம் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதனால் ஒருவருடைய வேலைக்குப் பாதகம் வரக் கூடாது. அதே போல் அவர் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே கிளம்பாதீர்கள். உறவினர் வீடுகள், கோயில் அல்லது சர்ச், வங்கி என்று ஓடி முடித்த பிறகு கிளம்பினால்தான் மனம் தீவில் இருக்கும்.

தீவில் நாட்களை எப்படி அமைப்பது? அகத்தி சென்று இறங்கும் நாளில் எதையும் பதிவு செய்யாதீர்கள். ஏப்ரல் பிற்பாதியில் அங்கே நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். ஆகவே காலை ஏழு முதல் பத்து மணி வரையும், மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரையும்தான் தண்ணீருக்கான நேரம். நடுப்பகல் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் உரியது. அங்கே சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகும் என்பதால் மாலை நீளமாகக் கிடைக்கும். ஒரு காலையில் ஒரு நீர் விளையாட்டு போதும். இரண்டாம் நாள் ஸ்நார்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி நீருக்கடியைப் பார்ப்பது), மூன்றாம் நாள் மகனுக்கு ஸ்கூபா (காற்றுக் கலனோடு நீருக்குள் மூழ்குவது), நான்காம் நாள் படகில் பங்காரம் அல்லது தின்னகரை தீவு வரை சென்று வருவது என்று வைத்துக்கொள்ளலாம். மாலைகளைக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுக்கும் கரைக்கும் விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் இவற்றில் எதற்கும் வர மறுத்துத் தென்னைமரத்தடியில் படுத்திருந்தால் அவரை எழுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். பெரும்பாலும் இரண்டாம் நாள் மாலை அவரே எழுந்து வருவார்.

நீந்தத் தெரியாதவர்கள் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஏப்ரலுக்கு முன் சில வாரங்கள் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு நீச்சல் குளத்தில் நீங்களும் மகளும் பழகுங்கள். நீச்சல் முழுவதும் கற்க வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது, மிதந்த நிலையிலிருந்து மீண்டும் காலூன்றி நிற்பது ஆகிய மூன்றும் வந்துவிட்டால் லகூனில் உங்களுக்குப் பயம் பாதியாகக் குறைந்துவிடும். கடலில் பலருக்கு ஏற்படும் பதற்றம் ஆழத்தால் வருவதில்லை. மூக்கில் தண்ணீர் ஏறும் முதல் நொடியில் வருவது. அந்த நொடியைக் குளத்திலேயே கடந்துவிட்டு வருவது நல்லது.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டோம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எல்லாக் கொக்கிகளையும் பூட்டிய பிறகு, மகளின் இரு தோள்பட்டைப் பகுதியிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது அவள் காது வரை ஏறினால் அவளுக்கு அது பெரிது. தண்ணீரில் உடல் கீழே இறங்கி ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். குழந்தைகளுக்கான அளவைக் கேளுங்கள். கால்களுக்கு இடையே வந்து பூட்டும் பட்டை இருந்தால் மிக நல்லது. முகக்கண்ணாடியைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு: பட்டையைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுங்கள், விழாமல் ஒட்டி நின்றால் அது அந்த முகத்துக்குப் பொருந்தும். உங்கள் கணவருக்குத் தடித்த மீசை இருந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும்; கொஞ்சம் வாசலின் தடவினால் பெருமளவு நின்றுவிடும். விடுதிக் கடலோரத்தில் இடுப்பளவு நீரில் இதையெல்லாம் அரை மணி நேரம் பழகிவிட்டு, அதன் பிறகு வழிகாட்டியோடு பவளப்பாறைப் பக்கம் போங்கள். மகளின் கைக்கு எட்டும் தொலைவில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அவளுடைய அண்ணனிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஆற்றில் நீந்தத் தெரிந்த பையனைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. குழித்துறை ஆற்றில் கரை எப்போதும் இரு பக்கமும் இருக்கிறது, கடலில் அப்படியில்லை. லகூனுக்குள்ளும் ஓதம் வற்றும்போது தண்ணீர் பாறை விளிம்பின் இடைவெளிகள் வழியாக வெளியேறும்; படகுகள் போய்வரும் அந்த வாய்க்கால் பக்கத்தில் இழுப்பு பலமாக இருக்கும். எங்கே வரை போகலாம் என்பதை முதல் நாளே ஒரு உள்ளூர் மீனவரிடமோ வழிகாட்டியிடமோ கேட்டு, அந்த எல்லையை அவனுக்குக் காட்டிவிடுங்கள். இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்பதையும், முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும் என்பதையும் அவன் வாயாலேயே ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கயாக்கில் போகும்போது முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போடட்டும். களைத்துத் திரும்பும்போது காற்றே அவனைக் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்பவர்கள்தான் தூரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்கூபாவை முதன்முறையாக முயல்பவர்களுக்கு நீச்சல் தேவையில்லை. பயிற்றுநர் உடனிருந்து அழைத்துச் செல்வார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். குறைந்தபட்ச வயது 10 என்பதால் மகளுக்கு இந்த ஆண்டு இல்லை. அவளிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அழவிட வேண்டாம். மகன் தாராளமாகச் செய்யலாம். இறங்கும் முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதில் தொந்தரவு, இதயக் கோளாறு, இரத்த அழுத்தம் போன்றவற்றை அதில் மறைக்காமல் எழுத வேண்டும். உங்கள் கணவருக்கு ஆசை இருந்தால், ஊரில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் முன்பே காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவரட்டும். இல்லாவிட்டால் அவர் ஸ்நார்கெலிங்கோடு நிறுத்திக்கொள்வதே சரி. படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிவிடுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் யாரும் இறங்கக் கூடாது. சளி பிடித்திருக்கும் நாளில் ஸ்கூபா வேண்டாம். காது அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் கழியாமல் விமானம் ஏறக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உங்கள் மாமியாருக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. அகத்தி லகூனில் பச்சைக் கடலாமைகள் நிறைய மேய்கின்றன. அவற்றைப் பார்க்க அவர் நனைய வேண்டிய அவசியமே இல்லை. படகில் ஏறும் இடத்தில் பலகையோ படியோ உண்டா என்று முன்பே கேளுங்கள். அறை தரைத்தளத்தில் இருக்கட்டும்; மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பங்காரம் போகும் நாளில் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருப்பதால் அவர் அகத்தியிலேயே ஓய்வெடுக்கட்டும். உங்களில் ஒருவர் உடனிருங்கள். எல்லோருடைய மருந்துகளையும் தேவையான நாட்களைப் போல இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். அதைக் கைப்பையில் வையுங்கள்.

பவளத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளங்கள் தம் உடலுக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. சூடு நீடித்தால் இறந்துவிடுகின்றன. இலட்சத்தீவில் இது 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் நடந்தது. அந்தத் தீவுகள் நிலைத்திருப்பதே இந்தப் பவளத்தால்தான். ஆகவே உயிருள்ள பவளத்தின் மேல் யாரும் நிற்கக் கூடாது; களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், மணல் உள்ள இடத்தில் நிற்கலாம். பவளத்தைக் கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்துவரக் கூடாது; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். வெயிலுக்குக் களிம்பை மட்டும் நம்பாமல் முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். தோலுக்கும் நல்லது, கடலில் கரையும் களிம்பும் குறையும்.

தீவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ அனைவரும் இஸ்லாமியர்கள். ஊருக்குள் நடக்கும்போது நம் ஊர்த் தெருவில் நடப்பது போன்ற உடையே பொருத்தம். பங்காரம் தவிர மற்ற இடங்களில் மதுவுக்கு அனுமதியில்லை. சாப்பாட்டில் சூரை மீனும் தேங்காயும் நிறைய இருக்கும். காய்கறி கப்பலில் வர வேண்டும் என்பதால் அதில் வகை குறைவு. மாமியாருக்கு ஊறுகாயும், பிள்ளைகளுக்கு நேந்திரங்காய் உப்பேரியும் எடுத்துச் செல்லுங்கள். கையில் ரொக்கமும் போதிய அளவு இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் விடுதியிடமிருந்தோ முகவரிடமிருந்தோ ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை: அனுமதிக் கட்டணம் யார் பொறுப்பு, மூன்று வேளை உணவும் சேர்ந்ததா, படகுக்கும் கருவிகளுக்கும் தனிக் கட்டணமா, வானிலையால் படகோ விமானமோ ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், ஸ்கூபா பயிற்றுநரின் தகுதிச் சான்று என்ன என்பவை. ஆறு விளையாட்டுகள் இலவசம் என்று சேர்த்துத் தருபவரைவிட, உங்கள் பிள்ளைகளின் வயதையும் கணவரின் மாத்திரையையும் விசாரிப்பவரை நம்புங்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் அகத்தியில் அறை உறுதியாகவில்லை என்றால் இலட்சத்தீவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அப்போது அதே ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்தமானுக்கே போகலாம்; ஆனால் நீல் தீவையும் பதினொரு இடங்களையும் நீக்கிவிட்டு, போர்ட் பிளேரில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, நடுவில் ஹேவ்லாக்கில் மட்டும் நான்கு இரவுகள் என்று முகவரிடம் திட்டத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். அங்கே உப்புநீர் முதலைகள் உள்ள பகுதிகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையால் உயிரிழந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை உள்ள கழிமுகத்துப் பக்கமும் மாலை இருட்டிய பிறகும் யாரும் நீரில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் குளியுங்கள். நீச்சல் குளப் பயிற்சி, மருத்துவர் ஒப்புதல், கணவர் திரும்பும் நாளுக்கு முன் ஐந்து நாள் இடைவெளி ஆகிய மூன்றும் அங்கேயும் மாறாது.